கருடக்கொடியும் கிரியாட்டினினும்

வாசகர் கடிதம்: டாக்டருக்கு வணக்கம். எங்கள் ஊர் களியக்காவிளைக்குப் பக்கம். பாட்டா பேர்பெற்ற வைத்திய ஆசான். அவர் எழுதிவைத்த காணாக்கடிச் (என்ன கடித்தது என்று தெரியாத விஷக்கடி) சூரணத்தை அப்பா இன்றும் செய்து கொடுக்கிறார். தீராத அரிப்பு, தடிப்பு என்று எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். போன மாதம், சூரணம் சாப்பிட்டுவந்த 52 வயது மலையாளி அம்மா ஒருவருக்கு இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.9 என்று வந்திருக்கிறது. அங்குள்ள டாக்டர் “நாட்டு மருந்தை நிறுத்து” என்றாராம். அதைக் கேட்டதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் பி.ஃபார்ம் முடித்தவள். எங்கள் மருந்து சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானது என்று சோதித்து நிரூபிக்க ஆசை. மருந்துக்கு முன்னும் ஒரு மாதம் கழித்தும் பத்துப் பேருக்கு கிரியாட்டினின் பார்த்தால் போதுமா? எலிச் சோதனை வேண்டுமா? எங்கே செய்வது? சரக்குகள்: கருடக்கொடி வேர், அவுரி வேர், சிறியாநங்கை, வேப்பம்பட்டை, சுக்கு, மிளகு. வேளைக்கு 3 கிராம், தினம் இரண்டு வேளை. சிலர் ஆறு மாதம், ஒன்றிரண்டு பேர் வருடக்கணக்கில் சாப்பிடுகிறார்கள்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் என்னால் பதில் சொல்ல முடியாது. சரக்குப் பட்டியலின் முதல் பெயரிலேயே நின்றுவிட்டேன். சோதனை, எலி, பத்துப் பேர் எல்லாவற்றுக்கும் பிறகு வருகிறேன். முதலில் கருடக்கொடியைப் பேசியாக வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம். இந்தச் சூரணத்தை இன்றோடு யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டவர்களின் பெயர்களை அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் ஒவ்வொருவரும் இரத்தத்தில் கிரியாட்டினின், ஹீமோகுளோபின், சர்க்கரை, சிறுநீரில் முழுப் பரிசோதனை, அல்புமின் (ஒரு புரதம்)–கிரியாட்டினின் விகிதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வீட்டில் யாராவது சாப்பிட்டிருந்தால் அவர்களும்தான். ஆசான் வீட்டில் மருந்தை முதலில் ருசி பார்ப்பவர் ஆசான்தான் என்பதும் எனக்குத் தெரியும். அப்பாவையும் கூட்டிப் போங்கள்.

இனி கருடக்கொடி. ஈஸ்வரமூலி, பெருமருந்து, தலைச்சுருளி என்று தமிழில் பல பெயர் இதற்கு. மலையாளத்தில் ஈஸ்வரமுல்லை. தாவர நூல்களில் அரிஸ்டோலோக்கியா இண்டிகா. ஆடுதீண்டாப்பாளை இதன் ஒன்றுவிட்ட தங்கை, அரிஸ்டோலோக்கியா பிராக்டியோலேட்டா. எதையும் மேயும் ஆடுகூடத் தொடாது என்று பெயரிலேயே ஒரு சோதனை முடிவை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் நம் முன்னோர். இந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. நம் மலையடிவாரத்தில் கறுப்பும் மஞ்சளுமாகப் பெரிதாய்ப் பறக்குமே ஒரு பட்டாம்பூச்சி, மலையாளத்தார் கருட சலபம் என்பார்கள், அதன் புழு வளர்வது இந்தக் கொடிகளின் இலையைத் தின்றுதான். செடியின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பிக்கும் குடும்பம் அது. பூச்சிக்குக் கவசம். நமக்குச் சேதம்.

என்ன சேதம் என்று உலகம் தெரிந்துகொண்ட கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்கள் கதைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. பெல்ஜியத் தலைநகர் பிரசல்சில் உடல் மெலிய மருந்து கொடுக்கும் ஒரு மருத்துவமனை. 1990-ல் தன் மாத்திரையில் இரண்டு சீன மூலிகைகளைச் சேர்த்தது. இரண்டு வருடத்துக்குள், வேறு நோயே இல்லாத இளம்பெண்கள் சிறுநீரகம் சுருங்கிப்போய் டயாலிசிசுக்கு வர ஆரம்பித்தார்கள். 1993-ல் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு எண்ணிக்கை நூறைத் தாண்டியது. காரணம் ஒரு பெயர்க் குழப்பம். சீனத்தில் ‘ஃபாங்ஜி’ என்ற பெயரில் இரண்டு வேர்கள் புழங்குகின்றன. ஒன்று ஸ்டெஃபானியா, இன்னொன்று அரிஸ்டோலோக்கியா. கேட்டது முதலாவது, வந்தது இரண்டாவது. கதை அத்தோடு முடியவில்லை. சிறுநீரகம் முழுக்கக் கெட்டுப்போன 39 பேருக்கு, முன்னெச்சரிக்கையாக அந்தச் சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் எடுத்துவிட்டுப் பரிசோதித்தார்கள். 18 பேருக்கு அங்கே புற்றுநோய் இருந்தது. மருந்தை நிறுத்திப் பல வருடம் ஆனவர்கள் அவர்கள்.

ஏன் அப்படி? இந்த அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களுக்குள் போய் அங்குள்ள மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். நுண்குழாய்கள் ஒவ்வொன்றாகச் சாக, இடையில் உள்ள சதை தழும்பாகிச் சுருங்கும். டான்யூப் ஆற்றின் கிளை நதிகளை ஒட்டிய கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு சிறுநீரக நோய்க்கும் இதுவே காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. அங்கே கோதுமை வயலில் களையாக வளரும் அரிஸ்டோலோக்கியாவின் விதை, மாவோடு சேர்ந்து அரைபட்டு ரொட்டிக்குள் போயிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தச் செடி சேர்ந்த மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. புகையிலை இருக்கும் அதே பிரிவு.

“சுத்தி செய்துதான் சேர்க்கிறோம், டாக்டர்” என்று அப்பா சொல்லக்கூடும். கொதிக்கவைத்தால், பாலில் அவித்தால் இது முழுக்கப் போய்விடும் என்று நம்ப இடமில்லை. இவ்வளவு வரை சாப்பிடலாம் என்று பாதுகாப்பான அளவும் இதற்கு வகுக்கப்படவில்லை. ஆகவே உங்கள் பட்டியலில் இருப்பது உண்மையிலேயே இந்தக் கொடியின் வேர் என்றால், நீங்கள் சோதிக்க ஒன்றுமில்லை. சோதனை ஏற்கெனவே நடந்துவிட்டது, மனிதர்கள்மேல்.

“உண்மையிலேயே இந்தக் கொடி என்றால்” என்று சொன்னது வெறும் பேச்சுக்காக அல்ல. எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு மூலிகைப் பெயர் ஒரு பெரிய பொறி. சங்குபுஷ்பி என்றால் கேரளத்து வைத்தியர் நம் வேலியில் படரும் நீலச் சங்குப்பூவின் வேரை எடுப்பார். வடநாட்டு வைத்தியர் தரையில் படரும் வேறொரு செடியை எடுப்பார். பாஷாணபேதி என்ற ஒரே பெயருக்கு இங்கே சிறுபீளை, ஆற்றோரம் மலையாளத்தார் பறிப்பது கல்லூர்வஞ்சி, இமயமலைக்காரர் கேட்பது மூன்றாவது ஒன்று. கருடன் பெயரிலேயே நம்மிடம் இன்னொரு சரக்கு இருக்கிறது: ஆகாசகருடன் கிழங்கு. வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடுவார்களே, அது. விஷக்கடிக்கு அதுவும் சேரும். கருடக்கொடிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அது வேறு குடும்பம், கோவைக்காய்க்குச் சொந்தம். பாட்டாவின் ஏட்டில் ‘கருடன்’ என்று மட்டும் இருந்து, அப்பா காலத்தில் அங்காடிக் கடைக்காரர் கருடக்கொடி வேரை எடுத்துக் கொடுத்து, அதுவே வழக்கமாகியிருக்குமோ என்றும் ஒரு சந்தேகம் எனக்கு. பிரசல்சில் நடந்ததும் இதுதானே.

அப்பாவிடம் இன்னொன்றும் கேளுங்கள். பாட்டா இந்த மருந்தை எத்தனை நாள் கொடுத்தார்? விஷக்கடி மருந்து பெரும்பாலும் மூன்று நாள், ஏழு நாள், மிஞ்சிப்போனால் ஒரு மண்டலம். பத்தியம் முடிந்தால் மருந்தும் முடியும். இன்று அதே சூரணத்தை டப்பாவில் போட்டு ஆறு மாதம், ஒரு வருடம் சாப்பிடுகிறார்கள். மருந்து அதே மருந்து, முறை மட்டும் மாறிவிட்டது. “தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கிறோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை” என்பது பொய்யல்ல என்று நான் நம்புகிறேன். வாந்தி, பேதி, மயக்கம் என்று உடனே வரும் கெடுதலை ஆசான்கள் நம்மைவிடக் கூர்மையாகப் பார்த்தார்கள். நேர்வாளத்துக்கும் சேராங்கொட்டைக்கும் அத்தனை சுத்தி முறைகள் அப்படித்தான் வந்தன. ஆனால் மருந்து தின்று ஐந்து வருடம் கழித்துக் கால் வீங்கி வருபவர் ஆசான் வீட்டுத் திண்ணைக்கு வரமாட்டார். திருவனந்தபுரத்துக்கோ நாகர்கோவிலுக்கோ டயாலிசிசுக்குப் போவார். ஆசானுக்குச் செய்தியே போகாது.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கருடக்கொடியை எடுத்துவிட்டு மீதிச் சரக்குகளை வைத்து ஒரு மருந்து செய்து, அதைச் சோதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர், ஒரு மாதம், கிரியாட்டினின். போதுமா?

போதாது. கிரியாட்டினின் தாமதமாகப் பேசும் சாட்சி. நம் ஊர் ரப்பர் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் பால் வெட்டுகிறார்கள். ஐந்து பேர் வராமல் போனால், மீதிப் பதினைந்து பேர் அவர்கள் மரங்களையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள். எடைபோடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. பாதி ஆள் போன பிறகுதான் எடை குறையும். சிறுநீரகமும் அப்படி. வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போகும்வரைகூட கிரியாட்டினின் ‘நார்மல்’ என்ற கோட்டுக்குள் நிற்கக்கூடும்.

கணக்கோடு சொல்கிறேன். 52 வயதுப் பெண். சூரணத்துக்கு முன் கிரியாட்டினின் 0.6. பிறகு 1.1. பல லேப் சீட்டுகளில் பெண்களுக்கு இரண்டுமே நார்மல்தான், தடித்த எழுத்தில் வராது. கிரியாட்டினின், வயது, பாலினத்திலிருந்து வடிகட்டும் திறனைக் கணக்கிட 2021-ல் வந்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: முதலாவதற்கு வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 108 மில்லி, இரண்டாவதற்கு 60. கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது, சீட்டோ ‘நார்மல்’ என்கிறது. உங்களிடம் வந்த அம்மாவின் 1.9-க்கு இதே கணக்கில் 31. ஆகவே எண் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், அதே ஆளின் பழைய எண்ணிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலோ, ஏழு நாளில் ஒன்றரை மடங்கு ஆனாலோ அதைத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். சீட்டில் அது நார்மல் கோட்டுக்குள் இருந்தாலும் சரி.

இன்னொரு வேடிக்கை. கிரியாட்டினின் சதையிலிருந்து வருவது. மெலிந்த பாட்டிக்கு இயல்பாகவே குறைவாக இருக்கும், அவர் சிறுநீரகம் பாதி போனாலும் எண் அழகாக இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: ஞாயிற்றுக்கிழமை மரச்சீனியும் மாட்டுக்கறியும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து இரத்தம் கொடுத்தால் எண் கொஞ்சம் ஏறியே காட்டும். ஒரே லேப், ஒரே நேரம், முந்தின இரவு இறைச்சி இல்லாமல் என்று ஒழுங்கு வைக்காவிட்டால் நீங்கள் அளப்பது மருந்தையா கறியையா என்று தெரியாமல் போகும்.

மூலிகைப் பாதிப்பு பெரும்பாலும் நுண்குழாயில் தொடங்குகிறது என்பதால் சிறுநீரைக் கவனிக்க வேண்டும். அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. வழக்கமாகச் சிறுநீரில் முக்கிப் பார்க்கும் பட்டை அல்புமினைத்தான் நன்றாகப் பிடிக்கும். நுண்குழாய் கெட்டால் முதலில் ஒழுகுவது பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற சின்னப் புரதங்கள். பட்டை அதைத் தவறவிடும். இரத்தச் சர்க்கரை சரியாக இருக்க, சிறுநீரில் மட்டும் சர்க்கரை தெரிந்தால் அதுவும் நுண்குழாய் அழுவதன் அறிகுறி. கிரியாட்டினின் கூடியிருக்கும் அளவுக்குப் பொருந்தாமல் இரத்தசோகை அதிகமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பெல்ஜியத்துப் பெண்களிடம் இவை எல்லாம் இருந்தன. அதனால்தான் மேலே ஹீமோகுளோபினையும் சர்க்கரையையும் சேர்த்துக் கேட்டேன்.

அடுத்தது பத்துப் பேர். பத்துப் பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் என்ன நிரூபணம் ஆகும்? நூற்றுக்கு 26 பேரைக் கெடுக்கும் மருந்துகூடப் பத்துப் பேரில் யாரையும் தொடாமல் நழுவிவிடலாம், அவ்வளவுதான். முன்னூறு பேருக்குக் கொடுத்து ஒருவருக்கும் ஒன்றும் ஆகாவிட்டால், ஆபத்து நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இருக்காது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அதுவும் அந்த முன்னூறு பேரைப் பின்தொடர்ந்த காலத்துக்கு மட்டும். ஆறு மாதம் சாப்பிடும் மருந்தை ஒரு மாதம் சோதித்தால், மீதி ஐந்து மாதத்துக்கு நோயாளிதான் சோதனை எலி.

எலி என்றதும் உங்கள் அடுத்த கேள்வி. வேண்டும், ஆனால் முறையாக. உலகம் ஏற்கும் வழிமுறைகள் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு வகுத்தவை. 28 நாள் சோதனைக்கு 407-ம் எண் வழிமுறை, 90 நாளுக்கு 408. மாதக்கணக்கில் சாப்பிடும் மருந்து என்பதால் உங்களுக்குத் தேவை 408. ஒரு குழுவுக்குப் பத்து ஆண், பத்துப் பெண் எலி. மூன்று அளவுகளில் மருந்து, ஒரு குழுவுக்கு மருந்தில்லாமல். அளவுக் கணக்கு இப்படி: நாளைக்கு 6 கிராம், 60 கிலோ ஆள் என்றால் கிலோவுக்கு 100 மில்லிகிராம். எலியின் உடல் மருந்தைச் செலவழிக்கும் வேகம் வேறு, ஆகவே 6.2-ஆல் பெருக்க வேண்டும். 620 மில்லிகிராம் வருகிறது. உங்கள் அளவுக்குச் சமமானது அது. அதற்கு மேலும் போய்ப் பார்த்தால்தான் இடைவெளி எவ்வளவு என்று தெரியும். பல ஆய்வேடுகளில் மனிதர் சாப்பிடும் அளவையே எலிக்கும் கிலோக் கணக்கில் கொடுத்து, 28 நாளில் யூரியாவும் கிரியாட்டினினும் மாறவில்லை, ஆகவே பாதுகாப்பானது என்று முடித்துவிடுகிறார்கள். படிக்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். அது ஆறில் ஒரு பங்கு மருந்தைக் கொடுத்துவிட்டுச் சொல்லும் தீர்ப்பு.

இரத்த எண்களைவிட முக்கியம், கடைசியில் சிறுநீரகத்தை எடுத்து எடைபோட்டு, மெல்லிய துண்டாக்கிச் சாயம் ஏற்றி, நுண்நோக்கியில் பார்ப்பது. தழும்பைக் காட்டும் மாசன் சாயத்தையும் கேட்டு வாங்குங்கள். எந்த எலிக்கு மருந்து, எதற்கு இல்லை என்று பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது. எலியின் சிறுநீரில் கிம்-1 என்ற புரதத்தை அளந்தால் நுண்குழாய்ச் சேதம் கிரியாட்டினினுக்கு முன்பே தெரியும். அமெரிக்க, ஐரோப்பிய மருந்து முகமைகள் 2008-லேயே இதை எலி ஆய்வுக்கு ஏற்றுக்கொண்டுவிட்டன. இதெல்லாம் வீட்டுப் பின்புறத்தில் செய்யும் வேலை இல்லை. விலங்கு ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி உள்ள கல்லூரியில்தான் செய்ய முடியும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு மாணவர்கள் இப்படிப்பட்ட ஆய்வுகளைச் செய்கிறார்கள். திருவனந்தபுரம் பூஜப்புரையில் மத்திய சித்த ஆராய்ச்சிக் குழுவின் மண்டல நிலையம் இருக்கிறது, உங்களுக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இரண்டு இடத்திலும் நேரில் போய்ப் பேசுங்கள். செலவை நான் ஊகித்துச் சொல்ல விரும்பவில்லை, லேபுக்கு லேப் மாறும்.

எலிக்கும் முன்னால் மருந்தையே சோதிக்க வேண்டும். ஒரு மருந்தாளுநரிடம் இதை நான் விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு சரக்கும் எந்தச் செடி என்று தாவரவியலாளர் கையெழுத்து. கன உலோகம்: அரசு வரம்பு ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. உங்கள் சூரணத்தில் பாஷாணம் (நச்சுக் கனிமம்) எதுவும் இல்லைதான், ஆனால் செடி வளர்ந்த மண்ணிலிருந்தும் அரைத்த மில்லிலிருந்தும் வரலாம். அமெரிக்காவின் பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. பூஞ்சை நஞ்சையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் மழைக்கு வேர் எத்தனை நாள் காய்ந்தாலும் மூட்டையில் பூக்கும்.

மனிதரிடம் சோதிப்பதற்கு நெறிக்குழு அனுமதி, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு, அவரவர் படிக்கும் மொழியில் ஒப்புதல் படிவம் வேண்டும். “வழக்கமாக வருகிறவர்கள்தானே, இரத்தம் மட்டும் எடுத்துப் பார்ப்போம்” என்று தொடங்கிவிடாதீர்கள். சட்டத்தில் இன்னொரு சிக்கல், கொஞ்சம் கசப்பானது. பட்டியலில் ஏற்கப்பட்ட பழைய நூல்களில் உள்ள மருந்துக்கு, அதே நோய்க்கு என்றால், புதிதாகப் பாதுகாப்பு ஆய்வு கேட்பதில்லை. பாட்டாவின் ஏடு அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே விற்பனை உரிமம் வாங்க ஆய்வு வேண்டிவரும். அப்பா பதிவு பெற்ற வைத்தியரா என்று நீங்கள் எழுதவில்லை. கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடர்ந்த வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பதிவில்லாமல் வைத்தியத் தொழில் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது. பாறசாலையிலிருந்து ஆட்கள் வரும் வீட்டுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. அந்த அம்மாவின் 1.9 சூரணத்தால்தான் வந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, அங்குள்ள டாக்டராலும் முடியாது. அவருக்கு இரத்தக் கொதிப்போ சர்க்கரையோ இருக்கலாம். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் மாத்திரையாக இருக்கலாம், எங்கள் வார்டில் அதன் வேலையை வாரம் தவறாமல் பார்க்கிறேன். கொழுப்புக் குறையும் என்று யாரோ சொல்லி இரும்பன்புளிச் சாறு குடித்திருக்கலாம். புளிக்குழம்பில் போடும் அந்தக் காயின் சாற்றை மொத்தமாகக் குடித்துச் சிறுநீரகத்தில் ஆக்சலேட் உப்பு அடைத்து வந்த பத்துப் பேரைப் பற்றி கேரள மருத்துவர்கள் 2013-ல் எழுதினார்கள், ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. முகம் வெளுக்கப் பூசும் கிரீமாகக்கூட இருக்கலாம். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், பாதரசம் கலந்த கிரீம்களால் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய் வந்தவர்களை மருத்துவர்கள் வரிசையாகக் கண்டுபிடித்தார்கள். இத்தனையையும் கேட்டறியாமல் “நாட்டு மருந்தை நிறுத்து” என்று மட்டும் சொன்னது பாதி வைத்தியம். ஆனாலும் நிறுத்தச் சொன்னது சரி. பட்டியலைப் பார்த்த பிறகு நானும் அதைத்தான் சொல்கிறேன்.

அதற்காக ஏட்டை எரவாணத்தில் செருகிவிட வேண்டாம். பழங்குடியினர் அறிவு முறையான ஆய்வுக்குப் போய் அவர்களுக்கே பலன் திரும்பியதும் நம் மலையில்தான் நடந்தது. அகத்தியமலைக் காணிக்காரர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து, கேரளத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் பூங்காவினர் மருந்து செய்தார்கள், உரிமத் தொகையில் ஒரு பங்கு காணிகளுக்குப் போனது. அவுரியும் வேம்பும் சிறியாநங்கையும் உங்கள் பட்டியலில் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அவற்றுக்கும் மேலே சொன்ன எல்லாச் சோதனையும் பொருந்தும், ‘நல்ல மூலிகை’ என்ற சலுகை கிடையாது. ஆனால் அவற்றைச் சோதிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. அப்பாவோடு போய் அந்தக் கொடியைப் பூவோடும் காயோடும் ஒரு முழம் அறுத்து வாருங்கள். பூ வளைந்த சிறு குழல்போல இருக்கும், முற்றிய காய் வெடித்துத் தலைகீழ்க் கூடைபோலத் தொங்கும். செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவிட்டு, பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரிடம் காட்டிப் பெயர் எழுதி வாங்குங்கள். வேர் கடையில் வாங்கியது என்றால் கடை மூட்டையிலிருந்து ஒரு பிடியும், சூரணத்தில் ஒரு பொட்டலமும் தனியாக எடுத்து, அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறதா என்று பார்க்கும் லேபுக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது, அந்த அம்மாவுக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். ஆறு சரக்கின் பெயரையும் மலையாளத்தில், எத்தனை மாதம், எத்தனை கிராம் என்பதோடு எழுதி, அவர் தன் டாக்டரிடம் காட்டக் கொடுத்தனுப்புங்கள். ஈஸ்வரமுல்லை என்ற பெயரை மட்டும் அடிக்கோடிடுங்கள். அவர் வருடக்கணக்கில் சாப்பிட்டவராக இருந்தால், கிரியாட்டினின் இறங்கினாலும் சிறுநீரில் இரத்தம் தெரிகிறதா என்று வருடாவருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.